கரண்ட்னு ஒரே வார்த்தை, அதுக்குள்ள நாலு சாமான்: பிளஸ் டூ மின்சாரப் பாடம் எங்க சிக்குது?

நம்ம ஊர்ல "கரண்ட்"ங்கற வார்த்தை படுற பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. கரண்ட் போச்சு. கரண்ட் பில் வந்துருச்சு. கரண்ட் அடிச்சிருச்சு. கரண்ட் கம்பி அறுந்து கெடக்கு, அந்தப் பக்கம் போகாத. இந்த நாலையும் தெனமும் பேசுறோம், கேக்குறவங்களுக்கும் புரிஞ்சுருது, வீட்டுக்குள்ள இதனால ஒரு சண்டையும் வந்ததில்ல. ஆனா பிசிக்ஸ் கண்ணால பாத்தா நாலும் வேற வேற. கரண்ட் போச்சுன்னு சொல்றப்ப போனது வோல்டேஜ். பில்லுல இருக்கறது எனர்ஜி. அடிச்சது மட்டும்தான் நெசமாவே கரண்ட். கம்பி, சும்மா கம்பி.

நான் சாயந்தரம் ஆறரைக்கு மேல பன்னெண்டாவது பசங்களுக்கு வீட்டு மாடியில பிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன். புக்குல முதல் தொகுதியில அஞ்சு பாடம், நிலைமின்னியல்ல ஆரம்பிச்சு மின்காந்த அலைகள் வரைக்கும், அஞ்சுமே மின்சாரமும் காந்தமும்தான். வருஷா வருஷம் பசங்க திணறுறது இங்கதான், அதுக்குக் காரணம் கணக்கு கஷ்டம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, எனக்கு அப்படித் தோணல. அந்த ஒத்த வார்த்தையை நாலா பிரிச்சு வெக்காமலே ஃபார்முலாவுக்குப் போயிடுறோம், சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

முதல் நாள் நான் ஒண்ணு பண்ணுவேன். ஒரு பேட்டரி செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர். "இதை எரிய வைங்கடா." போன வருஷம் ஒரு பையன், கிர்க்காஃப் விதியில மூணு லூப் கணக்கை கண்ண மூடிக்கிட்டுப் போடுவான், அவன் ஒயரோட ஒரு முனைய செல்லோட தலையில வெச்சு இன்னொரு முனைய பல்போட அடியில வெச்சு அப்படியே பாத்துக்கிட்டு இருந்தான். எரியல. "சார், செல் டவுனா?" செல் புதுசு. பல்போட குண்டிய நேரா செல் தலையில உக்கார வெச்சு, பல்போட பக்கவாட்டு மரைய ஒயரால செல்லோட அடிப்பாகத்துக்கு இழுத்தப்பதான் எரிஞ்சுது. அவன் மேல தப்பே இல்ல. சின்ன வயசுலேர்ந்து "கரண்ட் வருது"ன்னுதானே கேட்டிருக்கான், திரும்பிப் போகுதுன்னு யாரு சொன்னா?

சைக்கிள் செயினை நெனச்சுக்கங்க

பொதுவா டேங்க்லேர்ந்து தண்ணி வர்ற மாதிரின்னு சொல்லிக் குடுப்பாங்க. நானும் சொல்லிட்டு இருந்தேன், அப்புறம் விட்டுட்டேன், ஏன்னா குழாயைத் தொறந்தா தண்ணி வெளிய வந்து செலவாயிடுது, பசங்க மனசுல கரண்டும் அப்படியே பல்புல செலவாகுதுன்னு பதிஞ்சுடுது. இப்ப எனக்குப் புடிச்சது சைக்கிள் செயின். பெடலை மிதிக்கிறீங்க, செயின் நகருது, பின்சக்கரம் சுத்துது. செயின்ல ஒரு கண்ணி கூட தீர்ந்து போறதில்ல. மேல் பக்கம் ஒரு செகண்டுக்கு பத்து கண்ணி போனா கீழ் பக்கமும் பத்துதான் திரும்பி வரும், ஒம்பது வராது. செயின் அறுந்தா எங்க அறுந்தாலும் மொத்தமும் நிக்கும். ஆனா தீர்ற ஒண்ணு இருக்கு, அது உங்க கால்ல இருக்குற தெம்பு.

இப்ப பேரு வைப்போம். கம்பிக்குள்ள செயின் கண்ணி மாதிரி நகர்றது எலக்ட்ரான். அதுகிட்ட இருக்குற மின் குணத்துக்கு மின்னூட்டம், சார்ஜ்னு பேரு, கூலும்ல அளப்போம். ஒரு எடத்த ஒரு செகண்டுல எவ்ளோ மின்னூட்டம் தாண்டிப் போகுதுங்கறதுதான் மின்னோட்டம், அதாவது நெஜ கரண்ட். செகண்டுக்கு ஒரு கூலும்னா ஒரு ஆம்பியர், எண்ணிக்கையா சொன்னா கிட்டத்தட்ட 624-க்கு பின்னாடி 16 சைபர் போட்டா வர்ற அளவு எலக்ட்ரான்.

இதை சொன்ன உடனே ஒரு ஓட்டு எடுப்பேன். பல்புக்கு முன்னாடி கரண்ட் 0.3 ஆம்பியர், பல்ப தாண்டின பிறகு எவ்ளோ? செயின் கதைய கேட்ட அஞ்சே நிமிஷத்துல பாதிப் பேரு "கம்மியா இருக்கும் சார்"னு கை தூக்குவாங்க. "பல்பு எரியுதே, எதாச்சும் சாப்ட்ருக்கும்ல?" அப்புறம் மல்ட்டிமீட்டரை முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ மாட்டிக் காட்டணும். ரெண்டுலயும் ஒரே நம்பர். அந்த ரெண்டாவது நம்பரைப் பாக்குறப்ப அவங்க மூஞ்சியப் பாக்கணுமே.

இதுவரைக்கும் சொன்னது இவ்ளோதான்: கரண்ட் ஒரு வட்டத்துல சுத்துது, எதுவும் அதைத் திங்கறதில்ல, போன அளவே திரும்பி வருது. கடைசி வரி பின்னாடி ஒரு எடத்துல வேலைக்கு வரும், ஞாபகத்துல வெச்சுக்கங்க.

எலக்ட்ரான் எவ்ளோ வேகமா ஓடுது?

இதுல நானே ஒரு பாவம் பண்ணிருக்கேன். டியூஷன் ஆரம்பிச்ச புதுசுல "சுவிட்சைப் போட்டா எலக்ட்ரான் ஒளி வேகத்துல ஓடி வந்து பல்ப எரிய வைக்குது"ன்னு கெத்தா சொல்லிட்டு இருந்தேன், ரெண்டு மூணு பேட்ச் அப்படியே படிச்சு பாஸாகியும் போயிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் புக்குல இருக்குற அந்த இழுப்பு திசைவேகம் கணக்க சும்மா நம்பர் போட்டுப் பாத்தேன்.

இழுப்பு திசைவேகம்னா, கம்பிக்குள்ள எலக்ட்ரான் கூட்டம் மொத்தமா ஒரு பக்கமா நகர்ற சராசரி வேகம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பு உள்ள செம்புக் கம்பி, ஒரு ஆம்பியர் கரண்ட். செம்புல ஒரு கன மீட்டருக்கு 8.5-ஐ பத்தின் 28-ஆவது அடுக்கால பெருக்கின அளவு சுதந்திரமா நகர்ற எலக்ட்ரான் இருக்கு. வகுத்துப் பாத்தா வேகம் செகண்டுக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 26 சென்டிமீட்டர். நத்தை கூட இதை ஓவர்டேக் பண்ணிட்டு திரும்பிப் பாக்கும்.

அது பேட்டரிக்கு, டிசிக்கு, அதாவது ஒரே திசையில ஓடுற கரண்டுக்கு. வீட்ல வர்றது ஏசி, செகண்டுக்கு 50 தடவ முன்னயும் பின்னயும் போய் வருது. அப்போ அதே கம்பியில அந்த எலக்ட்ரான் கூட்டம் நகர்ற தூரம் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட கெடையாது. நெய்வேலியில கெளம்பின எலக்ட்ரான் உங்க வீட்டு ஃபேனுக்கு வந்து சேரவே போறதில்ல. ஃபேனுக்குள்ள இருக்குற எலக்ட்ரான் ஃபேனுக்குள்ளயே இருந்துக்கிட்டு ஆடிட்டு இருக்கு.

அப்ப சுவிட்சைப் போட்ட உடனே எப்படி எரியுது? மறுபடி செயின். பெடலை மிதிச்சா பெடல் பக்கத்துல இருக்குற கண்ணி ஓடிப் போய் சக்கரத்தை சுத்த வேணாம், மொத்த செயினும் ஒண்ணா நகருது, சக்கரத்து மேல இருந்த கண்ணியே சக்கரத்தைத் திருப்புது. கம்பி முழுக்க எலக்ட்ரான் ஏற்கெனவே நிரம்பி இருக்கு. சுவிட்சைப் போட்டப்போ "நகரு"ங்கற உந்துதல் மட்டும்தான் ஒளி வேகத்துக்குக் கிட்டத்தட்ட பரவுது. அந்த உந்துதலுக்கு மின்புலம்னு பேரு.

(அந்தப் பழைய பேட்ச் பசங்க யாராச்சும் இதைப் படிச்சா, மன்னிச்சுக்கங்கப்பா.)

வோல்டேஜ் எப்பவும் ரெண்டு எடத்துக்கு நடுவுலதான்

"இந்தக் கம்பியில எவ்ளோ வோல்ட்?"னு கேக்குறதே பாதிக் கேள்வி. "நீ எவ்ளோ உயரத்துல நிக்குற?"ன்னா எங்கேர்ந்துன்னு அடுத்து கேக்கணும்ல, தரையிலேர்ந்தா மாடியிலேர்ந்தா. வோல்டேஜும் அதே மாதிரி. ஒரு கூலும் மின்னூட்டத்தை ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு நகர்த்துறப்ப எவ்ளோ எனர்ஜி கைமாறுதோ அதுதான் அந்த ரெண்டு எடத்துக்கு நடுவுல இருக்குற மின்னழுத்த வேறுபாடு. அந்த "வேறுபாடு"ங்கறதை எல்லாரும் முழுங்கிட்டு மின்னழுத்தம்னு மட்டும் சொல்றோம், நானும் சொல்வேன், பழக்கம்.

கம்பி மேல உக்காந்த காக்கா ஏன் சாகலங்கறதுக்கு பதில் இதுலயே இருக்கு. "காக்கா கால்ல ரப்பர் மாதிரி தோல் சார்"னு ஒரு பொண்ணு சொல்லிச்சு, அழகான பதில், ஆனா தப்பு. காக்காவோட ரெண்டு காலும் ஒரே கம்பியில. அந்த ரெண்டு காலுக்கு நடுவுல அஞ்சு சென்டிமீட்டர் கம்பி, அதுக்குள்ள இருக்குற வித்தியாசம் மில்லிவோல்ட் கணக்குலதான் வரும். மாடியில படுத்திருக்கிறவன் உயரத்துலதான் இருக்கான், ஆனா உருண்டு விழ எடமில்ல. அதே காக்கா ஒரு றெக்கைய அடுத்த கம்பியில வெச்சா முடிஞ்சுது. மயில் மாதிரி பெரிய பறவை லைன்ல அடிபட்டு சாகுறது அதனாலதான், அதுக்கு ரெண்டு கம்பியும் எட்டுது.

வாட்ஸ்அப்ல சுத்துற இன்னொண்ணு, "ஆளக் கொல்றது ஆம்பியர்தான், வோல்ட் இல்ல." பாதி உண்மை. ஒடம்பைக் கெடுக்கறது உள்ள ஓடுற கரண்ட்தான், ஆனா அந்தக் கரண்ட ஓட விடறதே வோல்டேஜ்தானே. தடுக்கறதுக்கு பேரு மின்தடை, ரெசிஸ்டன்ஸ், ஓம்ல அளக்கறது; வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால வகுத்தா கரண்ட். கார் பேட்டரியால நூறு ஆம்பியருக்கு மேல குடுக்க முடியும், இருந்தும் காஞ்ச கையால ரெண்டு முனையையும் தொட்டா ஒண்ணும் தெரியாது, 12 வோல்ட்டால ஒடம்போட ரெசிஸ்டன்ஸைத் தாண்டி பெருசா தள்ள முடியல. ஈரக் கைன்னா ரெசிஸ்டன்ஸ் சுமார் 1,000 ஓமுக்கு எறங்கிடும்னு வெச்சுக்கங்க, வீட்டு லைன் 230 வோல்ட், கணக்குப் போட்டா 0.23 ஆம்பியர். அது உயிரை எடுக்கப் போதும் போதும்னு இருக்கற அளவு.

பில்லுல வர்றது எது

சீக்கிரம் முடிச்சிடலாம். வோல்டேஜை கரண்டால பெருக்கினா பவர், செகண்டுக்கு எவ்ளோ எனர்ஜின்னு அர்த்தம், வாட்ல அளப்போம். 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா அது ஒரு யூனிட், 36 லட்சம் ஜூல் எனர்ஜி. நம்ம ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ காசு கட்றது இதுக்கு. எலக்ட்ரானுக்கு காசே இல்ல, அதை அப்படியே திருப்பிக் குடுத்துட்டோம்ல. சாதா ஃபேன் 75 வாட், பதிமூணு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். 2,000 வாட் ஹீட்டர் அரை மணியிலயே ஒரு யூனிட்ட முழுங்கிடும்.

இந்த எடத்துல ஒரு கணக்கு மட்டும் போடச் சொல்வேன். 100 வாட் குண்டு பல்பு, 40 வாட் குண்டு பல்பு, ரெண்டையும் தொடர் இணைப்புல, அதாவது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, 230 வோல்ட்ல போட்டா எது பளிச்னு எரியும்? நூறுதான்னு கத்துவாங்க. எரியறது நாப்பது. ரெண்டுலயும் ஒரே கரண்ட்தான் ஓடியாகணும், நாப்பது வாட் பல்போட ரெசிஸ்டன்ஸ் சுமார் 1,320 ஓம், நூறோடது 529 ஓம், ஒரே கரண்டுக்கு எங்க தடை அதிகமோ அங்கதான் வோல்டேஜும் அதிகமா விழும், எனர்ஜியும் அங்கதான் எறங்கும். "நூறு வாட்"ங்கறது பல்போட பொறவிக் குணமில்ல, 230 வோல்ட் முழுசா கெடச்சா இவ்ளோ எடுப்பேன்னு அது குடுக்குற வாக்கு.

மூணு பேரையும் ஒரு தடவ தனித்தனியா நிக்க வைங்க. கரண்ட், எவ்ளோ மின்னூட்டம் தாண்டுதுன்னு சொல்லும். வோல்டேஜ், ரெண்டு எடத்துக்கு நடுவுல கூலும் ஒண்ணுக்கு எவ்ளோ எனர்ஜின்னு சொல்லும். பில், மொத்த எனர்ஜிய சொல்லும்.

டவர் லைன்ல ஏன் அவ்ளோ வோல்டேஜ்?

நல்லாப் படிக்கிற பசங்களும் விழுற குழி இது. லைன்ல வோல்டேஜை ஏத்தி அனுப்புனா கம்பி சூடாகி வீணாப் போறது குறையும்னு புக்குல இருக்கு. ஐ ஸ்கொயர் ஆர், அதாவது கரண்டோட வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால பெருக்கினா நஷ்டம், கரண்ட் குறைஞ்சா அதுவும் குறையும், சரி. உடனே ஒருத்தன் கேப்பான்: "சார், பவர்னா வி ஸ்கொயர் பை ஆர்னும் இருக்கே, அப்ப வோல்டேஜ் கூடினா நஷ்டம் கூடத்தானே செய்யணும்?" இந்தக் கேள்வி வராத பேட்ச்ல யாரும் யோசிக்கலன்னு அர்த்தம்.

நம்பர் போட்டுப் பாப்போம். 1,00,000 வாட் அனுப்பணும், கம்பியோட ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம். முதல்ல 1,000 வோல்ட்ல அனுப்புறோம்: கரண்ட் 100 ஆம்பியர், நஷ்டம் 100-ஐ 100-ஆல பெருக்கி 10,000 வாட். பத்துல ஒரு பங்கு வழியிலேயே காலி. இப்ப 10,000 வோல்ட்: கரண்ட் 10 ஆம்பியர், நஷ்டம் 100 வாட். வோல்டேஜ் பத்து மடங்கு ஏறினதுக்கு நஷ்டம் நூறுல ஒரு பங்காயிடுச்சு.

அந்தப் பையன் வழியில போனா 10,000-ஐ வர்க்கம் பண்ணி ஒண்ணால வகுத்து பத்து கோடி வாட் நஷ்டம்னு வரும். அனுப்புனதே ஒரு லட்சம், பத்து கோடி எங்கேர்ந்துடா வரும்? தப்பு என்னன்னா, அவன் எடுத்த 10,000 வோல்ட் கம்பிக்கும் அதோட ஜோடிக் கம்பிக்கும் நடுவுல இருக்கறது. கம்பி சூடாகறதுக்குக் காரணம், அதே கம்பியோட இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவுல விழுற வோல்டேஜ். 10 ஆம்பியர், ஒரு ஓம், வெறும் 10 வோல்ட். 10-ஓட வர்க்கம் 100, ஒண்ணால வகுத்தாலும் 100 வாட். ரெண்டு ஃபார்முலாவும் ஒண்ணையேதான் சொல்லுது. காக்காவோட ரெண்டு கால் கதையேதான் இது, வேற வேஷத்துல வந்திருக்கு. எந்த ரெண்டு எடத்துக்கு நடுவுலன்னு கேக்காம வோல்டேஜைத் தூக்கி ஃபார்முலாவுல போட்டா இப்படித்தான் ஆகும்.

காந்தம் தனிப் பாடம் இல்ல

புக்குல மூணாவது பாடம் வேற அட்டை போட்ட மாதிரி வருது, அதனால பசங்க நோட்டையும் மாத்தி மனசையும் மாத்திக்கிறாங்க. மின்னூட்டம் ஓடினா சுத்தி காந்தம் தானா வரும், இதான் விஷயமே. 1820-ல கோபன்ஹேகன்ல ஏர்ஸ்டெட்ங்கற விஞ்ஞானி கம்பியில கரண்ட ஓட விட்டப்போ பக்கத்துல இருந்த திசைகாட்டி ஊசி அசைஞ்சுது. அசைஞ்சது மட்டுமில்ல, கம்பிய நோக்கி இழுபடாம கம்பிக்கு குறுக்கால திரும்பிச்சு.

நீங்களே பாக்கலாம். ஃபேன்ஸி ஸ்டோர்ல விக்கற குட்டி திசைகாட்டி, ஒரு செல், ஒரு அடி ஒயர். ஊசி காட்டுற வடக்கு தெற்கா ஒயரை மேல வெச்சு செல்லோட ரெண்டு முனையையும் ரெண்டே செகண்டு தொடணும், அதுக்கு மேல வெச்சா கை சுடும். ஒரு ஆம்பியர் ஓடினா ஒரு சென்டிமீட்டர் தள்ளி வர்ற காந்தப்புலம் 20 மைக்ரோ டெஸ்லா. நம்ம பக்கம் பூமியோட காந்தப்புலம் சுமாரா 40. அதனால ஊசி கிட்டத்தட்ட 27 டிகிரி திரும்பும், கண்ணுக்கு நல்லாவே தெரியும். (காந்தப்புலம்னா ஒரு எடத்துல ஊசிய வெச்சா அது எந்தப் பக்கம், எவ்ளோ பலமா திருப்பப்படும்னு சொல்ற அளவு.) இன்னொரு சின்ன சந்தோஷம், பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தென்கோடி பக்கமாத்தான் போகுது, அதனால இங்க ஊசி கீழ சாயாம சமமா படுத்திருக்கும், ஐரோப்பாவுல அது தரையப் பாத்து நல்லா சாய்ஞ்சு கெடக்கும்.

சும்மா நிக்குற மின்னூட்டத்தை நிக்குற காந்தம் ஒண்ணும் பண்ணாது. ஓடுறதை மட்டும்தான் தள்ளும், அதுவும் ஓடுற திசைக்கு குறுக்கால. இதுக்குத்தான் அந்த எடக்கை வலக்கை விதியெல்லாம், பரிச்சை ஹால்ல பசங்க கைய முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாத்தா ஏதோ முத்திரை புடிக்கற மாதிரியே இருக்கும்.

மாறினாத்தான் வேலை

கரண்ட் காந்தத்தைக் குடுக்குதுன்னா காந்தம் கரண்ட்ட குடுக்கணும்ல? ஃபாரடேங்கற விஞ்ஞானி 1831-ல இரும்பு வளையத்துல ரெண்டு சுருள் சுத்தினாரு. ஒண்ணுல பேட்டரி, இன்னொண்ணுல கரண்ட் வந்தா அசையற ஊசி. பேட்டரிய இணைச்ச அந்த நிமிஷம் ஊசி ஒரு துள்ளு துள்ளி திரும்பி வந்து நின்னுருச்சு. பேட்டரி ஓடிட்டே இருக்கு, ஊசி அசையல. பேட்டரிய எடுத்தப்போ எதிர்ப்பக்கமா ஒரு துள்ளு.

டவுன் பஸ்ல நின்னுக்கிட்டு போனவங்களுக்கு இது புரியும். பஸ் அறுபதுல சீரா போறப்ப கம்பியக் கூட புடிக்க வேணாம். டிரைவர் பிரேக்க மிதிச்சா முன்னாடி விழுவோம், கெளப்புனா பின்னாடி. நம்ம ஒடம்புக்குத் தெரியறது வேகம் இல்ல, வேகத்துல வர்ற மாற்றம். சுருளும் பஸ்ல நிக்குற ஆளு மாதிரிதான், எவ்ளோ காந்தம் இருக்குன்னு அதுக்குக் கவலையில்ல, எவ்ளோ வேகமா மாறுதுங்கறதுதான்.

எது மாறணும்? மழையில ஒரு முறத்தைப் புடிங்க. மல்லாக்க புடிச்சா நெறைய மழை விழும், செங்குத்தா புடிச்சா ஒண்ணும் விழாது. ஒரு வளையத்துக்குள்ள மொத்தமா எவ்ளோ காந்தப்புலம் நுழையுதோ அது காந்தப்பாயம். மழை கூடினாலும் மாறும், முறத்தைச் சாய்ச்சாலும் மாறும், முறம் பெருசானாலும் மாறும். எப்படி மாறினாலும் சரி, மாறுற வரைக்கும் வளையத்துல ஒரு வோல்டேஜ் வரும். இதுதான் மின்காந்தத் தூண்டல். ஜெனரேட்டர் பண்றதெல்லாம் முறத்தைச் சாய்ச்சுக்கிட்டே இருக்கறதுதான், மேட்டூர்ல தண்ணி சுத்தினாலும் கல்பாக்கத்துல நீராவி சுத்தினாலும்.

எந்தப் பக்கம் கரண்ட் வரும்? எந்த மாற்றத்தால வந்துச்சோ அந்த மாற்றத்துக்கே மொரண்டு புடிக்கிற பக்கம். அது லென்ஸ் விதி, லென்ஸ்ங்கறது ஒரு விஞ்ஞானியோட பேரு. இதைப் புரிய வைக்க ஒரு காலத்துல டைனமோ சைக்கிள் இருந்துச்சு, ராத்திரியில டைனமோவ டயர் மேல தட்டி விட்டா உடனே மிதிக்கறது கனமாயிடும். (அதுல டயர் உரசுற கனமும் பாதி சேர்ந்திருக்கு, எல்லாப் புகழும் லென்ஸுக்கே போயிடக் கூடாது.) இப்ப பசங்க டைனமோவ பாத்ததே இல்ல, அதனால ஏர் கண்டிஷனர் மெக்கானிக்கிட்ட மிச்சம் கெடந்த ஒரு அடி காப்பர் பைப்பும் சின்ன நியோடிமியம் காந்தமும் வாங்கி வெச்சிருக்கேன். காப்பர்ல காந்தம் ஒட்டாதுன்னு முதல்ல காட்டிடணும். அப்புறம் பைப்ப நேரா புடிச்சு மேலேர்ந்து காந்தத்தைப் போட்டா, கால் செகண்டுல விழ வேண்டியது ஏதோ தேனுக்குள்ள எறங்கற மாதிரி நிதானமா எறங்கி வரும். காந்தம் நகர நகர பைப் சுவர்ல கரண்ட் சுத்துது, அந்தக் கரண்டோட காந்தம் இந்தக் காந்தத்தைப் புடிச்சு இழுக்குது. மொரண்டு புடிக்காம கூட சேர்ந்து தள்ளிவிட்டா? காந்தம் வேகமாகும், கரண்ட் கூடும், இன்னும் வேகமாகும், பெட்ரோலும் வேணாம் நிலக்கரியும் வேணாம். எனர்ஜி சும்மா வராதுங்கறதைத்தான் லென்ஸ் விதி வேற மாதிரி சொல்லுது.

டிரான்ஸ்பார்மர் இதுக்கப்புறம் ரெண்டு வரி. ரெண்டு சுருள், நடுவுல ஒரு இரும்பு, ஒயர் தொடர்பே கெடையாது. ஒண்ணுல ஏசி ஓடுறதால காந்தப்பாயம் மாறிக்கிட்டே இருக்கு, அடுத்ததுல வோல்டேஜ் வருது, சுத்து எண்ணிக்கைய வெச்சு ஏத்தலாம் எறக்கலாம், தெருமுனையில நிக்கறது 11,000-ஐ நானூறு சொச்சமா எறக்குது. டிசி குடுத்தா மாற்றம் இல்ல, வோல்டேஜும் இல்ல, ஃபாரடேவோட ஊசி நின்ன மாதிரி நின்னுரும். இன்வெர்ட்டர்ல 12 வோல்ட் பேட்டரிய முதல்ல வெட்டி வெட்டி ஏசியா மாத்திட்டுத்தான் டிரான்ஸ்பார்மருக்கு அனுப்பறாங்க.

சுருக்கமா: ஓடுற மின்னூட்டம் காந்தத்தை உண்டாக்கும், மாறுற காந்தப்பாயம் வோல்டேஜை உண்டாக்கும், வர்ற கரண்ட் அந்த மாற்றத்தை எதுத்து நிக்கும்.

மெயின் போர்டுல இருக்குற அந்த டெஸ்ட் பட்டன்

இதெல்லாம் ஒண்ணா சேர்ற ஒரு சாமான் நெறைய புது வீட்ல மெயின் போர்டுல தொங்கிக்கிட்டு இருக்கு. ஆர்சிசிபி. நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணன்மாருங்க இன்னும் பழைய பேர்ல இஎல்சிபின்னுதான் சொல்வாங்க. ஒருத்தருக்கு ஷாக் அடிச்சா கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள லைனைக் கட் பண்ற சாமான், பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் ரகம். அதுக்கு எப்படித் தெரியுது, அடி வாங்குறது மனுஷனா, மிக்ஸியான்னு?

அதுக்குத் தெரியவே தெரியாது. அது ஒண்ணே ஒண்ணு பாக்குது: போன அளவே திரும்பி வருதா? உள்ள ஒரு வளையம் இருக்கு, அதுக்குள்ள பேஸ் ஒயரும் நியூட்ரல் ஒயரும் சேர்ந்தே போகும். பேஸ்ல போற கரண்டும் நியூட்ரல்ல வர்ற கரண்டும் எதிரெதிர், சமம்னா ரெண்டோட காந்தமும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு சைபராயிடும். 16 ஆம்பியர் ஓடினாலும் சரி, வளையத்துக்கு அங்க ஒண்ணுமே நடக்கல. ஈரக் கையோட பேஸை ஒருத்தர் தொட்டுட்டா கொஞ்சம் கரண்ட் அவரு கால் வழியா தரைக்குப் போயிடும், நியூட்ரல் வழியா வர வேண்டியது அந்த அளவு குறையும், ரெண்டு காந்தமும் முழுசா அடிபடாம மிச்சம் நிக்கும், அது ஏசிங்கறதால மாறிக்கிட்டே இருக்கும், வளையத்துல சுத்தியிருக்கற சின்ன சுருள்ல வோல்டேஜ் வரும், அது சுவிட்சைத் தட்டி விட்டுரும். செயின் கணக்கு, ஏர்ஸ்டெட், ஃபாரடே, மூணு பேரும் தீப்பெட்டி சைஸ் எடத்துல.

ஆனா இதை நம்பி ஆட்டம் போடக் கூடாது. ஒரு கையில பேஸ், இன்னொரு கையில நியூட்ரல்னு புடிச்சு, தரைக்கு எதுவும் போகலன்னா, போனது அப்படியே திரும்பி வருது. ஆர்சிசிபிக்கு நீங்க இன்னொரு பல்பு, அவ்ளோதான்.

போன வாரம் இதை சொல்லி முடிச்சதும் எல்லாரையும் கீழ கூட்டிட்டுப் போய் போர்டைக் காட்டினேன். டெஸ்ட் பட்டனை அமுக்கினா உள்ள ஒரு ரெசிஸ்டர் வழியா கொஞ்சம் கரண்ட் வளையத்தைச் சுத்திக்கிட்டு வெளிப்பாதையில போகும், கணக்கு ஒதைக்கும், ட்ரிப் ஆகணும். மாசம் ஒரு தடவ அமுக்கிப் பாக்குறது நல்லது. செல்லை வெச்சுக்கிட்டு முழிச்ச அந்தப் பையனோட தம்பி இந்த வருஷம் வர்றான், அவன்தான் அமுக்கினான். டப்புன்னு ஒரு சத்தம். அடுக்களையில மாவு அரைச்சிட்டு இருந்த கிரைண்டர் நின்னுச்சு. "என்னங்க, கரண்ட் போச்சா?"ன்னு உள்ளேர்ந்து குரல்.

"வோல்டேஜ்"னு சொல்ல நாலு பேர் வாயைத் தொறந்தாங்க. பாதி மாவு கல்லுல நிக்குது, இந்த நேரத்துல வேணாம்டான்னு கண்ணைக் காட்டி அடக்கிட்டு, சுவிட்சைத் தூக்கி விட்டேன்.